அண்ணனின் டோக்கன்

குற்றம் செய்யாத ஒருவரை நான் சிறைக்கு அனுப்பினேன். எழுபதுகளின் கடைசியில் நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் மேற்பார்வையாளனாக இருந்தேன். கான்ட்ராக்ட் ஆட்கள் டோக்கனைக் காட்டித்தான் உள்ளே வர முடியும். அண்ணனுக்கு உடம்பு முடியாவிட்டால் அவர் டோக்கனில் தம்பி வருவான். வேலை நடந்தால் போதுமென்று நாங்களும் கண்டுகொள்வதில்லை. டோக்கனில் உள்ள பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம்.

அப்படி ஒரு தம்பியை மாதக்கணக்கில் அண்ணன் பெயராலேயே அழைத்துப் பழகியிருந்தேன். வேலைநிறுத்தத்தின்போது அவன் ஷிப்ட் பஸ்மீது கல்லெறிந்ததைப் பார்த்தேன். போலீஸ் கேட்டபோது பழகிய பெயர்தான் வாயில் வந்தது. அவர்கள் அந்தப் பெயருக்குரிய அண்ணனை, காய்ச்சலில் படுத்திருந்தவரை, எழுப்பிக் கொண்டுபோனார்கள். ஆள் மாறிப்போனது மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், ஆள்மாறாட்டத்துக்கு இடம் கொடுத்தவன் என்று என் வேலை போகும். பேசாமல் இருந்துவிட்டேன்.

கடலூர் சிறைக்கு மனு போட்டு அவரைப் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரர் காலத்தில் கொடி பிடித்தவர்களை அடைத்த சிறை என்று பள்ளியில் படித்திருக்கிறேன். எங்கள் நகரியத்துக்கோ அது வேலைநிறுத்தம் நடந்தால் ஆட்களை வேனில் ஏற்றிப் போகும் இடம். கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். கம்பி வலைக்கு அப்பால் அவர் சிரித்தார்.

“இங்க ஷிப்டு கெடையாது சார், நல்லா தூங்கிக்கினு இருக்கேன். நீங்க வாயத் தொறந்தா தம்பிதான் உள்ள வருவான். இப்பதான் கல்யாணம் ஆச்சு அவனுக்கு. வூட்டுக்குப் போங்க.”

திரும்பி வந்தேன். அவர் கேட்டுக்கொண்டதாலா, எனக்கும் அதுவே வசதியாக இருந்ததாலா? இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தண்டனை முடிந்து விடுதலையானவருக்கு மறுபடி டோக்கன் தரவில்லை. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் சுமந்தார். தம்பிக்குத் தனி டோக்கன் கிடைத்து, பர்மனென்ட் ஆகும் தறுவாயில் இருந்தான். சில வருடங்கள் கழித்து என்னால் தாங்க முடியாமல், அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கட்டும் என்று மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணை நடந்தது. தம்பியின் டோக்கனைப் பிடுங்கினார்கள். சிறைக்குப் போனவரை எடுப்பதற்கில்லை என்று அண்ணனையும் சேர்க்கவில்லை. என்னை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு சரி.

அண்ணன் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் கேட்டருகிலேயே நின்றார்.

“யாரக் கேட்டு சார் சொன்னீங்க? அவன் பொழைக்கணும்னுதான நான் உள்ள கெடந்தேன்.”

மன்னிக்கச் சொன்னேன்.

“எதுக்கு சார்?” என்றார்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பேசாததற்கா, இப்போது பேசியதற்கா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.