இரண்டாம் பகுதியில் நின்ற இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. சிறுமலை ரோட்டில் வெள்ளைச் சேலைக்காரி நிற்கிறாள் என்று என்னிடம் பியானோ படிக்க வரும் பிள்ளைகள் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னால், பாவம், கடைசி பஸ்ஸை விட்டிருப்பாள் என்று சொல்லி வாயை அடைப்பேன். என் கதையைக் கேட்டுவிட்டு நீங்களும் அப்படி ஏதாவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு மேற்கத்திய வாத்தியக் குழு வருவதாக இருந்தது. வயலின், செல்லோ, ஃப்ளூட் என்று முப்பது பேர். அவர்களோடு பியானோ வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கான்செர்ட்டோ என்பார்கள், பியானோ ஒரு பக்கமும் முப்பது பேர் மறுபக்கமுமாகப் பேசிக்கொள்கிற மாதிரி மூன்று பகுதிகள். நாற்பத்தோரு வயதில் முதல் தடவையாக எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு. விழாவில் பேசுகிறவர்கள் அதிகம், அதனால் முதல் இரண்டு பகுதி போதும், மூன்றாவது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

குழு விழா அன்றைக்குத்தான் ஊருக்கு வரும். அதுவரை யாரோடு சேர்ந்து பழகுவது? முப்பது பேர் வாசிக்க வேண்டியதைச் சுருக்கி இன்னொரு பியானோவில் ஒருவர் வாசிப்பார், அதுதான் வழக்கம். எனக்கு அதை வாசித்தது என் அண்ணன் சேவியர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பான். கடையைச் சாத்திவிட்டு மதியம் தக்காளி வாடையோடு வந்து என் பழைய கீபோர்டில் உட்காருவான். ஒரு வருஷம் அப்படி வாசித்தோம்.

எப்போதோ லாரியின் பின்கதவு விழுந்ததில் அவனுடைய இடது கை மோதிர விரல் மடங்காது. இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் இடது கையைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும், அதற்கு அவனுக்கு ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் "பொறு பாப்பா, வந்துர்றேன்" என்பான். நான் நிற்பேன், அவன் கையை வைத்ததும் சேர்ந்து தொடர்வோம். இசைக்குறிப்பு எழுதிய தாளில் அங்கே நிற்கச் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு வருஷத்தில் என் கை நின்று பழகிவிட்டது.

விழாவுக்கு நாற்பது நாள் முன்னால், கடையில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் சாய்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் அழவில்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என்னால் முடியாது என்று சொல்லக்கூடத் தோன்றாமல் விழாவுக்கும் போனேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை. முதல் பகுதி நன்றாகவே போனது. இரண்டாவதில் அந்த இடம் வந்தது, என் கை நின்றது, முப்பது பேரும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நின்றேன். மூன்றாவது தடவையும் அதேதான். குழுவை நடத்துகிறவர் தன்மையான மனிதர், கையிலிருந்த கோலை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மேடம், சாயங்காலமும் இப்படி ஆச்சுன்னா எல்லாம் சிதறிடும். ரெண்டாவது பகுதியை விட்டுடலாமா?"

"வேணாம் சார். அது எங்கண்ணன் வாசிச்சது."

அவருக்கு என்ன புரிந்ததோ, சரி, பார்ப்போம் என்று போய்விட்டார். அண்ணனில் எனக்கு மிச்சமிருந்தது அந்தப் பகுதி ஒன்றுதான், நானே அதைக் கெடுத்துவிடுவேன் போலிருந்தது. அதை நினைத்தபோதும் எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

நாலு மணிக்குத் தாள்களை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள், வாட்ச்மேன் ஹாலைப் பூட்டினார். என்னோடு படித்த மேரி இப்போது அங்கே டீச்சர், அவள் பக்கத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, நிற்காதே நிற்காதே என்று மேஜையில் விரலைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கு மேடை ஏறினோம். இரண்டாம் பகுதியில் அந்த இடம் நெருங்குவது தெரிந்தது, நிற்கக்கூடாது என்பதும் தெரிந்தது, கைதான் கேட்கவில்லை. நின்றுவிட்டது. போச்சு என்று நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், முப்பது பேரும் நின்றார்கள். ஒரு வயலின் வில்கூட அசையவில்லை, ஹாலில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சரியாக அண்ணன் கையைத் தூக்கி வைக்கிற நேரம். அது முடிந்ததும் அவர்களும் நானும் ஒன்றாகத் தொடர்ந்தோம். எனக்குப் பயமில்லை, ஆச்சரியம்கூட இல்லை. மதியம் வீட்டில் வாசிக்கிற மாதிரிதான் இருந்தது.

முடிந்ததும் நடத்துகிறவர் சிரித்துக்கொண்டே வந்தார். எல்லார் தாளிலும் எழுதி வைத்தது நல்ல யோசனை, என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். குழுவில் பாதிப்பேர் மலையாளிகள், தமிழில் எழுதியிருந்ததைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பொறுன்னு இருக்கு, சரி. பாப்பாங்கறது யாரு மேடம்?"

நான் ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் போய்ப் பார்த்தேன். ஒத்திகையின்போது சுத்தமாக இருந்த தாள்கள். ஒவ்வொன்றிலும் அந்த இடத்துக்கு மேலே பென்சிலில் 'பொறு பாப்பா' என்று எழுதியிருந்தது. ப்-க்கு மேல் புள்ளி இல்லை, சின்ன வட்டம். அண்ணன் கடைச் சீட்டுகளில் அப்படித்தான் எழுதுவான். புத்தி பேதலித்து நானே எழுதிவிட்டேனோ என்று மேரியிடம் கேட்டேன்.

"நீ எங்கிட்டுப் போன? எம் பக்கத்துலயேதான இருந்த. டீயக்கூட நான்தான் கையில எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

ஹால் சாவி வாட்ச்மேன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆளும் கிடையாது.

ஒரு வயலின் தாளை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் புரட்டிப் பார்த்தால், அன்று யாருமே திறக்காத மூன்றாம் பகுதியிலும் ஓரிடத்தில் அதே எழுத்து. சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டேன், மற்ற எல்லாத் தாள்களிலும் இருக்கிறதாம். அண்ணன் மூன்றாம் பகுதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை, வேண்டாம் என்று சொன்னதால் அதை நாங்கள் நகல்கூட எடுக்கவில்லை.

அடுத்த தடவை மூன்று பகுதியையும் வாசிக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் இப்போது மதியத்தில் அதைத் தனியாகப் பழகுகிறேன். அந்த இடத்தில் யார் கைக்கும் ஒரு கஷ்டமும் இல்லை, நிற்கக் காரணமே இல்லை. ஆனாலும் அங்கே வந்ததும் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன், சில நாள் வெயில் சாய்கிற வரைக்கும். இதில் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லவில்லை.