எல்லாருக்குமான வண்டி

பரளச்சிப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊரைவிட்டு ஒதுக்கி வைத்த அதன் கீழத்தெருவில் சிலுவைமுத்து உபதேசியாராக இருந்தார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லிக் கொடுப்பதும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் முழந்தாளிடுவதும் இவர் வேலை. பூசைக்கான லத்தீன் ஜெபங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. அதனால் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம், ஜெபத்தில் வரும் 'ஓம்னிபுஸ்' என்றால் என்னவென்று சாமியாரைக் கேட்டார். 'எல்லாருக்கும்' என்று பொருள் சொன்ன சாமியார், உங்கள் ரோட்டில் ஓடும் பஸ்ஸும் அந்தச் சொல்தான் என்று சிரித்தார். பிரான்சு தேசத்தில் யாரும் ஏறலாம் என்று ஒரு குதிரை வண்டி விட்டு, அதற்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். இங்கிலீஷ்காரன் வாய்க்கு அது நீளமாகப் பட, தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டானாம்.

சிலுவைமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழத்தெருவில் பஸ் நிற்காது. அரை மைல் நடந்து ஊர்ப் புளியமரத்தடிக்குப் போய், ஊர்க்காரர்கள் ஏறி முடியும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். உள்ளே இடம் கிடந்தாலும் உட்காரக் கூடாது. பெயரின் அர்த்தம் தெரியாமல்தான் இப்படிச் செய்கிறார்கள், சொன்னால் திருந்திவிடுவார்கள் என்று அவர் மனதார நம்பினார். அப்படியொரு வெள்ளை மனசு! அதைக் கொண்டுபோய் எந்தக் கிணற்றில் போடுவது?

அறுபத்தைந்து ஆனியில் அவருடைய ஒரே மகள் மரியசெல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்ட மறுநாள் காலையில் குழந்தையின் கை முதலில் வெளியே வந்தது. மருத்துவச்சி மாரிக்கனி, இனி தன்னால் ஆகாது, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். பக்கத்து வீட்டு நல்லகண்ணு உடனே மாட்டு வண்டி பூட்டினான். ஏற்றிவிடலாம் என்று மனைவி தெரசாள் கெஞ்சினாள். வண்டி போய்ச் சேர மத்தியானமாகும், எட்டு மணி பஸ் என்றால் ஒரு மணி நேரம்தான் என்று சிலுவைமுத்து மறுத்தார். கட்டிலோடு மகளை ரோட்டோரம் வைத்துக் காத்திருந்தார்கள். அன்றைக்கென்று பஸ் ஒன்பதரைக்குத்தான் வந்தது.

அவர் நடுரோட்டில் கையை விரித்து நின்றார். பஸ் நின்றது. கண்டக்டர் ராமசுப்பு இறங்கி வந்தார். மகள் முனகிக் கிடக்க, சிலுவைமுத்து அந்த ஓம்னிபுஸ் கதையைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ராமசுப்பு கெட்டவரும் இல்லை, அதுதான் கொடுமை.

"அர்த்தம் இருக்கட்டும் உபதேசியாரே. உள்ள ஊர்க் கல்யாண வீட்டுக்காரக இருக்காக. புள்ளத்தாச்சிய ஏத்துனா தீட்டுன்னு அம்புட்டுப் பேரும் எறங்கிருவாக. எனக்கு வேலை போயிரும்."

விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

பிறகுதான் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பாதி வழியில் கண்மாய்க்கரை ஏறும்போது மரியசெல்வி தண்ணீர் கேட்டாள். தெரசாள் தலையைத் தூக்கி ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வழிந்தது. யாரும் சொல்லாமலே நல்லகண்ணு வண்டியைத் திருப்பினான்.

கல்யாணக் கூட்டத்தை டவுனில் இறக்கிவிட்டுத் திரும்பிய வெறும் பஸ் பின்னாலேயே வந்தது. அவர்களைத் தாண்டிப்போய் நின்றது. ராமசுப்பு ஓடிவந்தார்.

"டிரைவர்ட்ட சொல்லிட்டேன் உபதேசியாரே. டவுனுக்கே திருப்பி விட்டுருவோம். புள்ளைய ஏத்துங்க."

"இப்பச் சாவுத் தீட்டுய்யா," என்றார் சிலுவைமுத்து. "நீங்க போங்க."

அதன் பிறகு அவர் பஸ் ஏறவில்லை. எழுபத்து மூன்றில் கீழத்தெருவிலேயே பஸ் நிற்க ஆரம்பித்தது. அப்போதும் டவுனுக்குப் பன்னிரண்டு மைலும் நடந்தார். கேட்டவர்களிடம் நடந்தே பழகிவிட்டது என்பார். சாகும்முன் தெரசாளிடம் மட்டும் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார்.

"காலையிலயே நல்லகண்ணு வண்டியில ஏத்தியிருந்தா பெழச்சிருப்பால்ல?"

தெரசாள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.