அண்ணன் திறந்து வைத்துப் போன எஞ்சின்

எங்கள் அண்ணன் சித்தாண்டியில் பிறந்தார். ஆறு வருடம் கழித்து, அதே வீட்டில், அவருக்குத் தொந்தரவாக நான் பிறந்தேன். முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. சுவிஸிலிருந்து அக்கா தொலைபேசியில் சொன்னார்: "நீதான் எழுதணும். இதுலயும் பகிடி விட்டிராத." முயல்கிறேன்.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு வாழைச்சேனையில் ஒரு கராஜில் சேர்ந்தார். நாங்கள் இரண்டு முறை இடம்பெயர்ந்தோம். இரண்டு முறையும் அம்மா சட்டி பானையைத் தூக்கினார், அண்ணன் ஸ்பானர் சாவிகளை இடுப்பில் கட்டும் சாரத்தில் முடிந்து தூக்கினார், நான் அழுதேன். பிறகு அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். என்னைப் படிக்கவைத்தார். அந்தப் படிப்பின் பயனாக, நான் ஒரு அலுவலகத்தில் வருகிற கடிதங்களுக்கு இலக்கம் போடுகிறேன்.

அண்ணனுக்குப் பெண் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. எனக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அம்மாவும் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு ஆண்கள், முன்னால் தகரம் போட்ட கராஜ், அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்தால், திரும்ப மூடுவதற்கு முன் உள்ளே கழுவுவதில் அண்ணனுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. மூன்று முறை மண்ணெண்ணெய். ஒயில் போகும் துளை ஒவ்வொன்றுக்கும் காற்றடித்து, மறுபக்கம் விரலை வைத்துப் பார்ப்பார். துடைப்பதற்குப் பழைய சாரத் துண்டு மட்டும்தான். பலமுறை தோய்த்த சாரம் நூல் விடாது. இவ்வளவுக்குப் பிறகும் மூடமாட்டார்.

"தம்பி, ஒருக்கா வந்து பாரு" என்று கூப்பிடுவார்.

"நீங்க கழுவினா பிழைக்குமா?"

"கழுவின எனக்குத் தெரியாது. நீ பாரு."

நான் எட்டிப் பார்த்து, "ஓம், இரும்பு கிடக்கு" என்பேன். சிரிக்காமல், "நல்லாப் பாரு" என்பார். ஒருமுறை தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து, பார்க்காமலே "பளிங்கு மாதிரி இருக்கு, மூடுங்க" என்றேன். மூடினார். அந்த வண்டி பழுகாமத்துக்குப் போகிற வழியில் இறுகி நின்றது. திரும்பப் பிரித்தபோது ஒயில் துளையை, கூட்டின் இடுக்கில் வைக்கும் பெக்கிங்கின் ஒரு பழைய துண்டு அடைத்திருந்தது. பார்த்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும். வண்டிக்காரரிடம் அண்ணன், "என்ட பிழைதான்" என்றார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த எஞ்சினுக்கும் என்னையே கூப்பிட்டார். அதைவிட என்னை ஏசியிருக்கலாம்.

கடைசி நாளன்று, ஓட்டமாவடியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரின் எஞ்சினைத் திறந்து, முதல் தடவை கழுவி முடித்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

எஞ்சின் கூடு இரண்டு பாதியாகக் கழுவும் பேசினில் கிடந்தது. நானா பழைய சைக்கிளில் பெட்டியைக் கட்டி மீன் விற்றார். ஐஸ் கரைவதற்குள் அவரால் பாதி ஊருக்குக்கூடப் போக முடியவில்லை. இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் பிடித்துக் கொடுத்தவன் நான்; பிரித்ததைத் திரும்பப் பூட்டுவது ஓரளவு தெரியும். மிச்சத்தைக் கழுவினேன். ஆனால் எட்டாம் நாளே அண்ணனின் உடுப்புகளை எல்லாம் கொடுத்துவிட்டோம். பழைய சாரங்களும் அதோடு போய்விட்டன. குளித்துத் துவட்டும் என் துவாயை வெட்டித் துடைத்தேன். காற்றடித்தேன், விரல் வைத்தேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது, அடுத்தது யாரையாவது கூப்பிட வேண்டிய இடம். வாயைத் திறந்தேன். கூப்பிடப் பெயர் வரவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போனேன். மூன்று நாள் அப்படியே கிடந்தது.

நான்காம் நாள் நானா வந்தார்.

"எஞ்சின் கேட்டு வரல்ல தம்பி. ஒங்களப் பாத்துட்டுப் போக வந்தன்."

"கழுவிட்டன் நானா. மூட ஏலாமக் கிடக்கு."

"என்னத்துக்கு?"

"பாக்க ஆளில்ல."

சிரிப்பார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்தால் சிரிப்பது இந்த ஊர் வழக்கம். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கிணற்றடியில் கையை இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்தார்.

"எனக்கு மீன்ட செவுள் பாக்கத்தான் தெரியும்."

"எனக்கு அதுவும் தெரியா. பாருங்க."

குந்தியிருந்து, கூட்டை வெயில் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒருநாளும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இதென்ன, நூல் மாதிரி இரிக்கி?"

"என்ட துவாய்."

"துவாயால எஞ்சின் துடைச்ச ஆள இண்டைக்குத்தான் காணுறன். அண்ணன் கண்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"ஒண்டும் சொல்லமாட்டாரு நானா. அதுதான் கரைச்சல்."

மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய சாரத்தைத் தோய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். முதலிலிருந்து கழுவினேன். மறுபடியும் குந்தியிருந்து பார்த்தார். "இப்ப ஒண்டுமில்ல. மூடுங்க" என்றார். மூடினேன். அன்று பின்னேரம் எஞ்சினை வண்டியில் பூட்டி உதைத்தேன்; மூன்றாவது உதைக்கு எடுபட்டது. நானா என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். சந்தி திரும்பும்வரை சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம்.

அதன்பின் கராஜில் திறந்த எஞ்சின் ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் அதை மூடி அனுப்பிவிடத்தான் விரும்பினேன். ஆனால் அந்தக் கூடு பேசினில் கிடந்தவரை, அண்ணன் வேலை நடுவில் எழுந்து எங்கோ போயிருக்கிறார் என்பது போலிருந்தது. நானே கழுவி, நானே பூட்டி, அதையும் அனுப்பிவிட்டேன்.

அண்ணனை வண்டியில் ஏற்றி ஓடிய அயலவர்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்தவர்களுக்கும், தொலைவிலிருந்து அழுத அக்காவுக்கும், சாரம் தந்து எஞ்சினையும் பார்த்துத் தந்த நானாவுக்கும் நன்றி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வாடகைக் கதிரைகளை நாளைக்குத்தான் எடுக்க வருவார்கள். அதுவரை யாராவது இருங்கள்.