'வச்சுக்கிடுவோம்' எபநேசர்

புதூர் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் விவசாய யோசனை சொல்லும் சர்க்கார் ஊழியர், கிராம சேவக் எபநேசருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல முகத்தை வைத்திருப்பார். ஆனால் 'வச்சுக்கிடுவோம்' என்ற பட்டப்பெயர் முகத்தால் வந்ததல்ல. அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு பருத்திவிதைத் தகராறில் வந்தது.

"பத்துக்கு எட்டு மொளைக்கும், இல்லைன்னா மாத்து விதை தாரேன்" என்று சொல்லித்தான் வியாபாரி சாமித்துரை விதை விற்றிருந்தார். கரிசலில் முளைப்பு சொட்டை சொட்டையாகக் கிடந்தது. ஈரம் காய்வதற்குள் மாற்று விதை கிடைக்காவிட்டால், அதை வாங்கி விதைத்த ரெங்கம்மாளுக்கு அந்த வருஷம் பருத்தி இல்லை. அவள் முன்னால் நிற்க, ஊரே சாமித்துரையை வளைத்துக்கொண்டது. நடுவே எபநேசர்.

"மொதல்ல அண்ணாச்சி சொன்ன எட்டு நெசம்னு வச்சுக்கிடுவோம்" என்று ஆரம்பித்தார்.

"எவ்வளவு வே வாங்கி வச்சுக்கிட்டீரு?" என்றான் கூட்டத்திலிருந்த கடற்கரை என்ற இளவட்டம். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ரெங்கம்மாள் சிரிக்கவில்லை. "ஏன், எங்க பேச்சை நெசம்னு வச்சா ஆகாதோ?"

"ஒங்க பேச்சு என்ன? எட்டுக்குக் குறைச்சல். ஏழா, அஞ்சா? அதை வச்சு எப்படி அளக்க? எட்டுன்னா ஒரு இடத்துல நிக்குது. அதை நிறுத்துனாத்தான் தள்ள முடியும். சாக்கு சாக்காக் கைவிட்டு நூறு விதை எடுங்க. பத்துக்கு எட்டுன்னா நூத்துக்கு எம்பது. அதுல அஞ்சு பத்து கூடக்கொறைய வாரது கைவாக்கு. எழுபதுக்குக் கீழ போச்சுன்னா அண்ணாச்சி பேச்சு பொய். மொளைச்ச பெறகு எழுபதுங்கிற கோட்டை யாரும் நகத்தப்படாது."

முணுமுணுத்துக்கொண்டே இரு தரப்பும் தலையாட்டின. ரெங்கம்மாளே விதை அள்ளி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். ஒரு வாரம் கழித்துச் சாக்கைப் பிரித்தபோது எழுபத்து நாலு முளைத்திருந்தது.

"எம்பது இல்லைல்லா! பொய்தான!" கடற்கரை துள்ளினான்.

"எழுபதுக்குக் கீழ போகலையே. பொய்னு காட்ட முடியலை" என்றார் எபநேசர்.

சாமித்துரை அவர் தோளில் கை போட்டார். "நெசம்னு சொல்லிட்டீரு. நல்லாயிருப்பீரு."

எபநேசர் கையைத் தட்டிவிட்டார். "நெசம்னு எப்ப வே சொன்னேன்? பொய்னு சொல்ல இது பத்தாதுன்னேன். இன்னும் நெறைய விதை போட்டுப் பாத்தா உம்ம சாயம் வெளுத்தாலும் வெளுக்கும்."

"அப்பப் போடுங்க" என்றாள் ரெங்கம்மாள்.

"மொளைக்க இன்னொரு வாரம் ஆகும்."

"வாரமா? அதுக்குள்ள என் நெலம் ஓடாக் காஞ்சிருமே!" அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் எபநேசர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ரெங்கம்மாள் பருத்தியின் சொட்டை விழுந்த இடமெல்லாம் வீட்டு உளுந்தை ஊன்றிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவள் நிமிர்ந்தாள்.

"வரப்போட போங்க, சேவக்கு அய்யா. உள்ள மிதிச்சா காலை ஒடிச்சிருவேன்."