பிலோமி வீட்டுப் பம்பு

மார்கழி மாதக் காலையில், விடாமல் காற்றடித்த சைக்கிள் பம்பின் அடிக்குழாயைத் தொட்டால் வெதுவெதுவென்று சுடும். உள்ளே நெருக்குண்ட காற்றின் சூடு இரும்பில் ஏறியிருக்கும். உள்ளே காற்றுக் கசியாமல் அடைக்கும் தோல் வாசருக்குப் போட்ட மீன் எண்ணெயின் வாடையும் ரப்பர் வாடையும் கலந்து மூக்கில் ஏறும். கடற்கரைக் குளிரில் விறைத்த கைகளை அந்தக் குழாயைச் சுற்றி வைத்துக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. வைக்க விடுவதும் விடாததும் பிலோமியின் இஷ்டம். நான் தொட்டு ஐந்து எண்ணுவதற்குள், "போதும், எடுடி. எனக்கு வேலை கெடக்கு" என்பாள். எடுத்துவிடுவேன். எடுத்துவிட்டு, அன்று முழுவதும் அவளை மனதுக்குள் வைதுகொண்டே திரிவேன்.

பிலோமி என் பெரியய்யா மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். வாலிநோக்கத்துக்குக் கிழக்கே, மாதாகோவிலைச் சுற்றி அமைந்த எங்கள் ஊரில் இரண்டு வீடும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. நாடு விடுதலையாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பதினோரு வயது. மற்ற ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போக, பெரியய்யாவும் என் அய்யாவும் மட்டும் கரைக்கு வந்த மீனை வாங்கி, ஓலைப்பெட்டிகளில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டி, சிக்கலுக்கும் அதைத் தாண்டிய உழவு பார்க்கும் சம்சாரிகளின் ஊர்களுக்கும் கொண்டுபோய் விற்று வந்தார்கள். பெரியய்யா பல வருடமாக அந்த வேலையைச் செய்தவர். அய்யாவோ வலை இழுக்கும்போது வலது தோள் பிசகி, அது சரியாகக் கூடாமல் போனதால் கடலை விட்டவர். வேறு வழியில்லாமல் அண்ணன் போன பாதையிலேயே சைக்கிளை இறக்கினார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. ஐஸ் என்ற ஒன்றை நாங்கள் கண்ணால் கண்டிராத காலம் அது. எவர் முதலில் போய்ச் சேருகிறாரோ அவருடைய மீன்தான் விற்கும். இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பிள்ளைகள் நாங்கள் வேலி தாண்டிப் போய்வருவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

மீன் பாரம் ஏற்றுகிற சைக்கிளுக்குச் சும்மா காற்றிருந்தால் போதாது. டயர் கல்லைப் போல இறுகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாரம் அழுத்தி, டயர் சப்பையாகி, பாதையில் துருத்தும் கல்லுக்கும் சக்கரத்தின் இரும்புக்கும் நடுவில் டியூப் கடிபட்டுக் கிழியும். அப்படி இறுக்க, தரையில் ஊன்றி, இரண்டு காலாலும் அடியை மிதித்து, இரண்டு கையாலும் அழுத்துகிற பெரிய பம்பு வேண்டும். எங்கள் ஊரில் அது பெரியய்யா வீட்டில் மட்டும்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது சைக்கிளோடு வந்த கைப்பம்பு. அதை வைத்துக்கொண்டு அய்யா பாதிப் பாரத்தோடு போய்வந்தார். ஒருநாள் அம்மா என்னைக் காட்டி, "சிசிலிய விட்டு அங்கன கேட்டுப் பாத்தா என்ன?" என்றபோது, "அந்த வீட்டுக் காத்து நமக்கு வேணாம்" என்றார் அய்யா. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

படகுகள் கரைக்கு வருகிற நேரத்தில் பெரியய்யாவும் அவர் மூத்த மகனும் கடற்கரையில் நிற்பார்கள். அவர்களுடைய இரண்டு சைக்கிளுக்கும் காற்றடிக்கிற வேலை பிலோமியுடையது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்து, ஏறி இறங்கி அவள் அடிக்கிற அழகைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடுவார்கள். அடித்து முடித்ததும் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பெரிய மனுஷிபோலத் தலையாட்டுவாள். அவளுடைய சடையோ, என்னைவிட ஒரு சாண் கூடுதலான உயரமோ, வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிற கெட்டிக்காரத்தனமோகூட என்னை அவ்வளவாக உறுத்தியதில்லை. அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி வேண்டாம் என்று முடிவு செய்து, அய்யா ஒரு பெரிய பம்பு வாங்கப் புறப்பட்டார். தோள் பிசகியவரால் பம்பை அழுத்த முடியாது. அம்மாவோ அந்த நேரத்தில் கரையில் மீன் எடுத்துக்கொண்டிருப்பாள். அடிக்கப் போகிறவள் நான் என்பதால் என்னையும் கேரியரில் உட்காரவைத்து ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான்: பிலோமி வீட்டுப் பம்பைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் ஒரு பாய். இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்புச் சாயம் பூசிய ஒல்லியான இரும்புக் குழாய். அச்சு அசலாகப் பிலோமி வீட்டுப் பம்பு. இன்னொன்று பித்தளையில் என் தொடைப் பருமனுக்கு இருந்தது; முகம் தெரிகிற பளபளப்பு, கைப்பிடிக்கு மெருகேற்றிய மரம். பாய் பொறுமையானவர். குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திக் காட்டினார். விட்டதும் அது தானாக மேலே எழும்பினால் வாசர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டும் எழும்பின.

"ரெண்டும் நல்ல சாமான்தான்" என்றார் பாய். "இந்தத் தடிக் குழாய் ஒரு அடிக்கு நெறையக் காத்து தள்ளும், சீக்கிரம் ரொம்பிரும். ஆனா டயரு இறுக இறுக அழுத்தவே முடியாது; நல்ல கனத்த ஆள் வேணும். ஒல்லிக் குழாய்ல நேரம் ஆகும், ஆனா கடைசி வரைக்கும் இறங்கும். பிள்ளதான் அடிக்கும்னா ஒல்லிய எடுங்க."

அய்யா என்னைப் பார்த்தார். "அடிச்சுப் பாரு தாயி. உனக்கு எது தோதோ அதத்தான் எடுக்கணும்."

பாய் ஒரு பழைய சக்கரத்தை உருட்டிவிட்டார். நான் பித்தளைப் பம்பில் ஏறி நின்றேன். இருபது அடி, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இருபத்தைந்தாவது அடியில் கைப்பிடி என்னை எதிர்த்து நின்றதை என் இரண்டு உள்ளங்கையும் உணர்ந்தன. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். "லேசா இருக்குய்யா. இதையே எடுப்போம்" என்றேன்.

"முழுசா ரொம்பலயே" என்றார் பாய்.

"என்னால முடியும்" என்றேன்.

அய்யா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கண்ணும் பித்தளையில்தான் அதிக நேரம் தங்கியது. அதையே வாங்கினோம்.

ஊருக்குள் நுழைந்ததும் அய்யாவின் சைக்கிளில் இருந்து குதித்து, பம்பைத் தோளில் சாத்திக்கொண்டு தெருவழியே நடந்தேன். ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்தார்கள். பிலோமி மட்டும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஏற்கெனவே வெளுத்திருந்த ஒரு சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அன்று எனக்குச் சோறு அவ்வளவு ருசித்தது.

அந்த ருசி ஒரு ராத்திரிதான். மறுநாள் முப்பது அடிக்குமேல் கைப்பிடி இறங்க மறுத்தது. குதித்துப் பார்த்தேன். வயிற்றைக் கைப்பிடிமேல் வைத்து, காலைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கினேன். காற்று என்னைச் சுமந்துகொண்டு நின்றதே தவிர ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அதற்குள் அய்யா கரையிலிருந்து வந்துவிட்டார். "இறுகிருச்சா தாயி?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "கல்லு மாதிரி இருக்குய்யா" என்றேன். அவசரத்தில் அவர் இடதுகை விரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு நம்பினார். பாரமில்லாத டயர் கையை ஏமாற்றும்.

இரண்டு நாள் எப்படியோ போய்வந்தார். புதுப்பம்பு இருக்கிற தைரியத்தில் பாரத்தை வேறு கூட்டியிருந்தார். மூன்றாம் நாள் உப்பளத்தைத் தாண்டிய கல்பாதையில் பின்டியூப் நீளமாகக் கிழிந்தது. ஒட்டுப்போட்டு மீளக்கூடிய கிழிசல் இல்லை. நாலு பெட்டிக் காரல் மீனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வெயிலில் நடந்திருக்கிறார். சிக்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியய்யா விற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாராம். எதிரெதிரே வந்தும் இருவரும் வாய் திறக்கவில்லை. கெட்டுப்போன மீனைப் பனங்காட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சாயங்காலம் அய்யா வீட்டுக்கு வந்தார். தோள் வீங்கியிருந்தது. அம்மா தவிட்டைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தாள்.

"பம்ப குத்தம் சொல்லாத" என்று அம்மாவிடம் சொன்னார். "பிள்ள நல்லாத்தான் அடிச்சுச்சு. பாதைதான் சரியில்ல."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது வேலி தாண்டும், பிலோமி காதுக்குப் போகும் என்ற பயம் அய்யாவின் வீங்கிய தோளைவிடப் பெரியதாக இருந்தது. இதை எழுத இன்றைக்கும் கூசுகிறது.

புது டியூப் மாட்டிய மறுநாள் காலை, அய்யா கரைக்குப் போனதும் நான் மறுபடி அந்தப் பித்தளையோடு மல்லுக்கட்டினேன். முப்பது அடி, அதே இடத்தில் நின்றது. அவர் வந்து கேட்பார், நான் சொல்வேன், அவர் நம்புவார் என்று நினைத்துப் பார்த்தபோது பம்பைக் கழற்றிக் கீழே போட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலியைச் சுற்றிப் பிலோமி வீட்டு முற்றத்துக்குப் போனேன்.

அவள் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். குனிந்து பின்டயரை விரலால் அமுக்கினாள்.

"இத வச்சுக்கிட்டா சித்தப்பாவ அனுப்புன?"

நான் அழுதுவிட்டேன். "அது இறங்க மாட்டேங்குதுடி. உங்க பம்ப ஒருதடவ குடு. யார்ட்டயும் சொல்லாத."

"மொதல்ல அந்தப் பம்ப இங்கன தூக்கிட்டு வா" என்றாள்.

கேலி செய்யத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் தூக்கி வந்தேன். அவள் அதைத் தொட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுபோனது. கைக்குழந்தையைத் தடவுவதுபோலப் பித்தளையைத் தடவினாள். பிறகு தன் அப்பாவின் இரண்டாவது சைக்கிளில் அதை மாட்டி, இருபது அடி அடித்தாள். காலியாக இருந்த டயர் மளமளவென்று எழுந்து நின்றது. "அம்மாடி!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்து, உடைந்த இடத்திலேயே மறுபடி கொப்புளம். "நாலு டயரு. இந்த ஒல்லிக் கழுதைய வச்சு அடிச்சு அடிச்சு எனக்குக் கையே இல்ல. நீ அன்னைக்கி அத தோள்ல வச்சுட்டுப் போனீல்ல, நான் அன்னைக்கிச் சோறே திங்கல, தெரியுமா?"

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததா? வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை.

அன்றிலிருந்து பித்தளைப் பம்பால் எல்லா டயரையும் முக்கால்வாசி நிரப்புவோம். பிறகு ஒல்லிப் பம்பால் கல்லாக்குவோம். ஆறு டயரும் முன்பு அவள் இரண்டுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் முடிந்தன. பெரியவர்கள் கரையிலிருந்து திரும்புவதற்குள் அவரவர் சைக்கிளும் பம்பும் அவரவர் வாசலுக்குப் போய்விடும். அய்யா முழுப் பாரத்தோடு போய், நல்லபடியாகத் திரும்பத் தொடங்கினார்.

ஒருநாள், கட்டுக்கயிறு எடுக்க மறந்துபோன பெரியய்யா பாதியில் திரும்பி வந்துவிட்டார். அவர் முற்றத்தில் தம்பியின் சைக்கிள், அதில் மாட்டியிருப்பது அவருடைய பம்பு, அடித்துக்கொண்டிருப்பது நான். பிலோமி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எனக்குக் கைப்பிடியை விடவும் தெரியவில்லை, அழுத்தவும் தெரியவில்லை. பெரியய்யா மெதுவாக வந்தார். பித்தளைப் பம்பைப் பார்த்தார், இரும்புப் பம்பைப் பார்த்தார், மகளின் கைகளைப் பார்த்தார். குனிந்து அய்யாவின் பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"இன்னும் பத்து அடி அடி" என்றார். "அவன் பாரம் கூடத்தான் வைப்பான்."

கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகும் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பாதையில் முந்தி முந்தி மிதித்தார்கள். ஆனால் இருவரின் டயரிலும் ஒரே காற்று இருந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், மனது கேளாமல் அய்யாவிடம் கடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் அந்தப் பித்தளைதான் கண்ணுல நின்னுச்சு தாயி. எங்கண்ணன் பாக்கணும்னுதான் வாங்குனேன். உன் ஒருத்தி மேல பழிய போட்டுக்காத."

அதோடு எனக்குப் பொறாமை தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். பிலோமி டீச்சர் வேலைக்குப் படிக்கப் போனபோது இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் காரைவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அவள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓதம் ஏறுமே இங்கன" என்றாள். அவள் பேரனுக்குக் கப்பல் வேலை. என் பேத்திக்குப் பட்டணத்து வேலை. தூத்துக்குடியிலிருந்து அவள் போன் செய்தால், வைத்த பிறகு அரைமணி நேரம் எனக்கு ஒன்றும் ஓடாது. ஆனாலும் எனக்கு எந்த நல்லது நடந்தாலும் முதல் போன் அவளுக்குத்தான்.

இப்போது எங்கள் கரைக்கு ஐஸ் பெட்டி ஏற்றிய வேன்கள் வந்து நிற்கின்றன. சாலை முக்குக் கடையில் மோட்டார் வைத்துக் காற்றடிக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர் ஒருவரும் இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்தப் பாரம் என் அய்யாவின் தோளை என்ன செய்தது என்று பார்த்தவள் நான்.

பிலோமி கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதா திருவிழாவுக்கு மகள் எடுத்துக்கொடுத்த பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போனேன். நல்ல அரக்குச் சேலை, கையகலக் கரை. பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார்கள். ஒருத்திகூடப் பிலோமியைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன்.