மேப்பில் இல்லாத ஓடைக்கரைத் தெரு

சென்ற வாரம் என் மேஜை முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. பெயர் ஸ்டெல்லா.

"சார், பக்கத்துத் தெருவுக்கெல்லாம் பைப்பு போட்டாங்கோ. எங்க ஓடைக்கரைத் தெருவுக்கு எப்போ சார்?"

கம்ப்யூட்டரில் தேடினேன். அப்படி ஒரு தெருவே இல்லை.

"அது பக்கத்து ஊர்ல வரும்மா. அந்த ஆபீஸ்ல கேளுங்க."

"கேட்டாச்சி சார். அவங்க இங்க போவச் சொல்றாங்க. மூணு வருசமா இதே பேஜாரு. தெருவே இல்லன்னா, நான் எங்க சார் குடியிருக்கறேன்?"

நியாயமான கேள்வி. அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டேன்.

நான் பிழைப்புக்கு என்ன செய்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் கம்ப்யூட்டர் மேப் – ஜி.ஐ.எஸ். என்பார்கள் – என் பொறுப்பு. (ஊர் பெயர் வேண்டாம்... வேலை முக்கியம்.) தெரு, வீடு, விளக்குக் கம்பம் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் குடிநீர்க் குழாய்க்கு வீடுகளைக் கணக்கெடுப்பார்கள். மேப்பில் இல்லாத வீட்டுக்குக் குழாயும் இல்லை.

என்னைப் போல அக்கம்பக்கத்து ஊர்களிலும் மூன்று பேர். மாதம் ஒருமுறை நால்வரும் திருவள்ளூரில் கூடுவோம். யார் எத்தனை தெரு முடித்தார்கள், புது வீட்டை எத்தனை நாளில் ஏற்றினார்கள், எவ்வளவு தப்பு... ஒரு லிஸ்டில் பதினோரு காலம் (column) போட்டு மார்க் கொடுத்துக்கொள்வோம். கடைசியில் நிற்பவர் அடுத்த முறை எல்லோருக்கும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். நான் ஒருமுறைகூட கொண்டுபோனதில்லை. என் ஊர் நூற்றுக்கு நூறு!

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஸ்டெல்லா விஷயத்தை ரஹ்மத்திடம் சொன்னேன். பழவேற்காட்டுக்காரர். எங்களுக்கு அடுத்த ஊரின் மேப் அவருடையது.

"சார், ரெண்டு மேப்பையும் ஒண்ணா போட்டுப் பாப்போமா?" என்றார்.

சிரிப்பீர்கள். இத்தனை வருடங்களில் நாங்கள் அதைச் செய்ததே இல்லை. அடுத்த ஊர் எல்லைக்குள் ஒரு கோடு போனாலும் சண்டை வரும் என்று, அவரவர் எல்லையோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. மார்க்கை ஒப்பிட்டோமே தவிர, மேப்பை ஒப்பிடவில்லை.

லேப்டாப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு துண்டு.

"சார், கம்பெனிங்க வந்தப்போ ஓடையை வளைச்சு வெட்டினாங்கல்ல? நீங்க அந்தப் புது ஓடையை எல்லையா எடுத்துகினீங்க. ரெக்கார்டுல எல்லை பழைய ஓடைதான், நான் அதோட நிறுத்திகினேன். நடுவுல இருக்கறது உங்க தெரு."

சாட்டிலைட் படத்தில் பளிச்சென்று தெரிந்தது புது ஓடைதான். நம்பிவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை. அந்த நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது ஸ்டெல்லா இல்லை, என் நூற்றுக்கு நூறு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனேன். ஸ்டெல்லா வீட்டு வாசலில் சின்னதாக ஒரு சிமென்ட் மேடை. மேலே துளசித் தொட்டி மாதிரி எதுவும் இல்லை, காலியாக இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"பைப்புக்குத்தான் சார். போடப் போறாங்கோன்னு சொன்ன அன்னிக்கே கட்டிட்டோம். வாசல்லயா, ஊட்டுக்குப் பின்னாலயான்னு எங்க ஊட்டுக்காரர்கூட ஒரே சண்ட..." சிரித்தார். பிறகு மேடையைக் கையால் துடைத்தார். "கம்பெனி பஸ்ஸுக்கு முன்னாடி அடுத்த தெருவுக்குக் குடத்தைத் தூக்கிகினு ஓடறேன் சார். ஒரே ஒரு நாளு, தூங்கி எழுந்து, இங்க நின்னுகினே பைப்பத் தொறக்கணும். அவ்ளோதான் சார்."

மூன்று வருடங்களாக ஒருவர் ஏங்கியது இவ்வளவுக்குத்தான். நான் ஏங்கியது முதலிடத்துக்கு. எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அன்றே தெருவை வரைந்தேன். வீடு வீடாக ஏற்றினேன். பொறியாளருக்கு அனுப்பினேன். ஒப்புதல் வர வேண்டும், பள்ளம் தோண்ட வேண்டும்... நம் ஊரில் எதற்குத்தான் அவசரம்?

ரஹ்மத்துக்குப் போன் செய்து என் மார்க்கைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார். நாலாவது இடம்.

"சார், லிஸ்ட்ல இன்னொரு காலம் சேக்கலாமா?" என்றார்.

"இன்னா காலம்?"

"தண்ணி வந்த தேதி."

பதினோரு காலம் போட்டு எங்களை நாங்களே அளந்துகொண்டிருந்தோம். இது ஒன்று தோன்றவே இல்லை, பாருங்கள்.

பன்னிரண்டாவது காலத்தில் முதல் வரி, ஓடைக்கரைத் தெரு. தேதி இன்னும் காலி. தினமும் ஆபீஸ் வந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்க்கிறேன்... அதில் தேதி எழுத வேண்டிய ஆளே நான்தான் என்று தெரிந்தும்!