மீனம்பாள் டீச்சர் போகாத மூலை

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் அறுபத்தாறாம் வருஷம் செஞ்சி வாத்தியார்கள் அத்தனை பேரும் பாடம் படிக்க என் ஸ்டூடியோவுக்குத்தான் வந்தார்கள். மூவி கேமராவும் புரொஜெக்டரும் பஜாரில் வேறு யாரிடம் இருந்தது?

யோசனை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் சீதளநாதனுடையது. வாத்தியார் பாடம் நடத்துவதைப் படம் பிடித்து அவருக்கே போட்டுக் காட்டினால், தன் குறை தனக்கே தெரியும் என்றார். முதலில் மீனம்பாள் டீச்சர். காலனியிலிருந்து படித்து வந்த முதல் பெண். படித்த பள்ளியிலேயே வேலை. படம் நன்றாக வந்தால் தலைமை ஆசிரியை பதவிக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொல்லியிருந்தார். டீச்சர் அதைத்தான் நம்பியிருந்தார்.

பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்த சுருளை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டினேன். ஜன்னலுக்குக் கம்பளி, சுவருக்கு என் சலவை வேட்டி. சத்தமில்லாத படம். டீச்சர் வாயசைத்துக்கொண்டு சுவரில் நடந்தார்.

"டீச்சர் தொண்டை நோவாம பாடம் எடுக்கறாங்க. எங்களுக்கும் சொல்லிக் குடுங்கம்மா!" என்றார் அதே பள்ளிக்கூடத்து அரிகிருஷ்ணன் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அண்ணே, இன்னொரு தரம் ஓட்டுங்க."

ஓட்டினேன். கதவோர மூலையில் ஒரு சிறுமி கை தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. டீச்சர் ஜன்னல் பக்கம் போனார், நடுவில் வந்தார், கரும்பலகைக்குத் திரும்பினார். மூலைக்குப் போகவேயில்லை.

"அது அம்மாக்கண்ணு. எங்க தெருப் பொண்ணு," என்றார் டீச்சர். "அந்தப் பக்கம் நான் போறதே இல்ல சார். இப்பத்தான் எனக்கே தெரியுது."

"இது ஒரு குறையாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அருமையான வகுப்பு. எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் போட்டுக் காட்டப் போறேன்."

"வேணாம் சார். சின்னதுல என்னை ஒதுக்கி உட்கார வெச்ச மூலை அது. இப்ப எங்க பிள்ளைங்க தானாவே அங்க போய் உட்காருதுங்க. நானும் விட்டுட்டேன். இதை நல்ல வகுப்புன்னு காட்டாதீங்க."

இன்ஸ்பெக்டர் முகம் சுண்டிப்போச்சு. "அப்போ சிபாரிசுல நான் என்ன எழுதறது?"

"பார்த்ததை எழுதுங்க சார்."

"வர்ற வேலையைத் தள்ளிட்டாங்களே, இன்னாய்யா இது," என்று என் காதில் முணுமுணுத்தார் அரிகிருஷ்ணன்.

திங்கட்கிழமை இன்னொரு படம் பிடிக்கக் கூப்பிட்டார் டீச்சர். என் சொந்தச் சுருளோடு போனேன். கை ஆடாமல் பிடிக்க என்னை விட்டால் ஆள் ஏது? பாடம் நடத்திக்கொண்டே மூலைக்கு நடந்தார். நிழல் மேலே விழுந்ததும் அம்மாக்கண்ணு எழுந்து நின்று உள்ளங்கையை நீட்டியது. அடி வாங்கத்தான். டீச்சர் கையில் பிரம்பே இல்லை.

அந்தக் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பாடம் நின்றுபோச்சு. கேமரா மட்டும் ஓடியது.

தலைமைப் பதவி அரிகிருஷ்ணனுக்குப் போச்சு. சுருள் கழுவி வந்ததும் டீச்சர் தனியாக வந்து பார்த்தார்.

"இப்படிக் கையை நீட்ட அதுக்கு யார் அண்ணே சொல்லிக் குடுத்தது?"

கலெக்டர் எதிரிலேயே கூசாமல் பேசியவன் நான். அன்றைக்கு எழுந்து போய் விளக்கைத்தான் போட்டேன்.